திருந்தும் என்புக்கூடுகள்

"நேற்று ஒன்று கூறினார்கள், இன்று வேறொன்று கூறுகின்றார்கள், நாளை எதனைக் கூறுவார்களோ?" என்று விஞ்ஞானிகளைக் குறித்து நம்மவர் சிலர் நகையாடுவதுண்டு. அவ்வாறு நகையாடுவோர் கையில் எளிதாக அகப்படும் சான்று, டைனோசர் எனப்படும் பழவிலங்குகளின் கதையாகும். ஒரு காலத்தில் வாலைத் தரையில் இழுத்து நிமிர்ந்து நின்ற விலங்கு, இன்று முதுகைக் கிடையாக நீட்டி, வாலை ஆகாயத்தில் தூக்கி நிற்கின்றது. மூக்கின்மேல் இருந்த கொம்பு கைப்பெருவிரலுக்கு இறங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றின் கழுத்தில் இருந்த தலை இறக்கப்பட்டு, வேறு தலை ஏற்றப்பட்டது. இவற்றையெல்லாம் கேட்பவர், "இவர்கள் கூறுவதில் எதைத்தான் நம்புவது?" என்று வினவுதல் இயல்பே.

அவ்வினாவிற்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். நிலநூல் வல்லுநர் அல்லேம். ஆயினும் சிதைந்த ஏடுகளைக் கூட்டி நூல்களைப் பதிப்பித்த பெரியோரின் வழியைச் சிறிது கற்றவர்க்கு, சிதறிய என்புகளைக் கூட்டி விலங்கை நிறுத்தும் வழி முற்றும் அயலானதாகத் தோன்றாது. எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். என்புக்கூடு ஒன்று திருத்தப்படுதல் நூதனசாலைக்கு இழுக்கன்று. திருத்துதற்கு இடமின்றி மூல என்பை இழந்துவிடுதலும், திருத்திய செய்தியை மக்களுக்குச் சொல்லாது விடுதலுமே இழுக்கு.

தமிழ்நாட்டார் அருங்காட்சியகம் என வழங்கும் இடத்தை நம் நாட்டார் நூதனசாலை என வழங்கி வந்தனர். பழம்பொருள்களை வைத்துப் போற்றும் மனைக்குப் புதுமை குறித்த பெயர் எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் ஐயுறலாம். டைனோசர்களின் வரலாற்றைக் கற்றபின் அப்பெயர் நன்கு பொருந்துவதாகவே எமக்குத் தோன்றுகின்றது. அங்கே நிற்கும் பழைய என்புகளைப் போலப் புதுமை பெற்றுவருவன வேறு சிலவே உள.

என்புக்கூடு எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மண்ணுள் புதைந்த விலங்கு முழுமையாக வெளிவருதல் மிக அரிது. ஆற்று வெள்ளம் என்புகளைப் பிரித்துச் சென்றிருக்கும். ஊனுண்ணும் விலங்குகள் அவற்றைச் சிதைத்திருக்கும். மேலே படிந்த பாறையின் பாரம் எஞ்சியவற்றை நசுக்கியிருக்கும். ஓரிடத்திற் கிடக்கும் என்புகள் ஒரே விலங்கிற்கு உரியனவோ, பல விலங்குகளுக்கு உரியனவோ என்பதும் ஐயத்துக்கு இடமாகும். ஆராய்வோர் கிடைத்தவற்றைத் துப்புரவு செய்து, கிடையாதவற்றை அதே இனத்தைச் சேர்ந்த வேறு விலங்கின் என்பைக் கொண்டோ, பாரிசுச் சாந்தினால் வார்த்தோ நிரப்பி, இரும்புச் சட்டத்தில் ஏற்றி நிறுத்துவர். ஆகவே பார்ப்பவன் கண்முன் நிற்பது என்பு மாத்திரமன்று. அங்கே என்பும் உண்டு, சாந்தும் உண்டு, அவ்விரண்டையும் இன்னவாறு நிறுத்துக எனப் பணித்த கருத்தும் உண்டு. என்பு மாறுவதில்லை. சாந்தும் கருத்துமே மாறுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டோர்க்கு இனி வரும் கதைகள் குழப்பம் விளையா.

இங்கிலாந்தின் தென்பாலுள்ள சசெக்ஸ் பகுதியில் வைத்தியராக விளங்கிய கிடியன் மான்ரெல் என்பார், சில பற்களை ஆராய்ந்து, 1825 இல் ஒரு பழவிலங்கிற்கு இகுவானோடன் எனப் பெயரிட்டார். இகுவானா என்னும் ஓணான் வகையின் பல்லைப் போன்ற பல்லுடையது என்பது அப்பெயரின் பொருள். பின்னர்க் கிடைத்த என்புகளோடு கூம்பு வடிவான கூரிய என்பு ஒன்றும் இருந்தது. அதனை எவ்விடத்திற் பொருத்துவது? காண்டாமிருகத்தின் கொம்பை ஒப்புநோக்கி, மூக்கின்மேற் பொருத்தினர். 1854 இல் இலண்டன் மாநகரின் சிடனம் பகுதியில், பளிங்கு மாளிகைத் தோட்டத்தில் நிறுவப்பட்ட இகுவானோடன் உருவங்கள் மூக்கிற் கொம்பு தாங்கியே நின்றன. அவை இன்றும் அங்கே நிற்கின்றன.

1878 இல் பெல்ஜிய நாட்டின் பேர்ணிசார் என்னும் ஊரிலே, நிலக்கரி தோண்டியோர் 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இகுவானோடன் என்புகளைக் கண்டனர். ஒன்றிரண்டு விலங்குகளின் என்புகள் அல்ல. முப்பதுக்கு மேற்பட்ட விலங்குகளின் என்புகள். அவற்றுட் பல தலை முதல் வால் வரை பொருத்துக் குலையாமலே கிடந்தன. மூக்கிற் கொம்பு இல்லை. கொம்பெனக் கருதப்பட்ட கூரிய என்பு ஒவ்வொரு கையிலும் பெருவிரலாக இருந்தது. ஐம்பது ஆண்டு ஊகம் அன்றோடு முடிந்தது. லூயி டொலோ என்னும் அறிஞர் அவ்வென்புக்கூடுகளைப் பிரசெல்ஸ் நகரில் கங்காருவைப் போல இரு கால்களில் நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். அந்நிலையும் நிலைபெறவில்லை. அவ்விலங்கின் வாலை இருபுறமும் பிணித்திருந்த தசைநாண்கள் என்பாக இறுகியிருந்தன; அத்தகைய வால் கங்காருவின் வாலைப் போல வளைய மாட்டாது. 1980 இல் டேவிட் நோர்மன் என்பார் வெளியிட்ட ஆராய்ச்சி, அவ்விலங்கு முதுகையும் வாலையும் கிடையாக நீட்டிப் பெரும்பாலும் நான்கு கால்களில் நடந்தது எனக் காட்டியது. நான்கு கால் என்ற பழைய கருத்து வேறு காரணம் பற்றி மீண்டு வந்தமை காண்க. பழையது என்பதனால் மாத்திரம் ஒன்று பிழையாவதில்லை. புதியது என்பதனால் மாத்திரம் ஒன்று சரியாவதும் இல்லை. சான்று எப்பக்கம் உளதோ அப்பக்கமே முடிபு செல்லும்.

நியூயோர்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் 1915 இல் நிறுத்தப்பட்ட ரைரனோசோரஸ் என்னும் ஊனுண்ணியின் கதையும் இத்தகையது. அது நெடுங்காலம் தூண்போல நிமிர்ந்து, வாலை நிலத்தில் இழுத்து நின்றது. உலகத்துச் சிறுவர் நூல்களின் படங்களெல்லாம் அந்நிலையையே பின்பற்றின. ஆயின் பாறைகளிற் பதிந்துள்ள டைனோசர்க் காலடிச் சுவடுகளை ஆராய்ந்தபொழுது, வால் இழுபட்ட கோடு அவற்றிற் காணப்படுதல் மிக அரிதாகவே இருந்தது. விலங்கு பொய்யான சுவடு பதித்துச் செல்லுமோ? முதுகென்புகளின் பொருத்துகளும் அவ்வாறு நிமிர்ந்து நிற்றற்கு இசையவில்லை. ஆகவே 1990 களில் அந்த என்புக்கூடு கழற்றப்பட்டு, உடல் கிடையாகவும் வால் உயர்ந்தும் இருக்கும்படி மீண்டும் பொருத்தப்பட்டது. சிக்காகோ நகரில் சூ என்னும் பெயருடன் 2000 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட அவ்வினத்து விலங்கின் வயிற்றுப்புற என்புகள் தனியே வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பொருத்தும் முறை அக்காலத்தில் தெளிவாகவில்லை. 2018 இல் அவற்றையும் சேர்த்தபொழுது, மெலிந்த வயிற்றினதாகத் தோன்றிய விலங்கு பருத்த உடலினதாயிற்று. பொருத்தும் முறை தெளியாத என்பைப் பதினெட்டு ஆண்டு தனியே பொறுமையோடு வைத்திருந்தமை போற்றற்பாலது அன்றோ!

இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் பலர் அந்நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையைக் கண்டிருப்பர். அங்கே 1905 இல் நிறுவப்பட்ட டிப்ளோடோக்கஸ் என்னும் நெடுங்கழுத்து விலங்கின் சாந்து வார்ப்பு, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்களை வரவேற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 26 மீற்றர். 1993 இல் அதன் வால் தரையினின்றும் உயர்த்தப்பட்டது. 1980 களில் தந்தையாய்க் குழந்தையை அழைத்துச் சென்றவர், பிற்காலத்திற் பாட்டனாய்ப் பேரனை அழைத்துச் சென்றபோது, "நான் உன் தந்தைக்குக் காட்டியது இவ்வாறு நிற்கவில்லையே!" என்று வியந்திருக்கக் கூடும். அவ்வியப்பே கல்வியின் வாயில். அவ்வாயிலைத் திறந்து, "முன்னர் இவ்வாறு நின்றது, இன்ன காரணத்தால் இவ்வாறு மாற்றினோம்" எனக் கூறுதல் நூதனசாலையின் கடமை.

நிற்க. தலை மாறிய விலங்கின் கதையே இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துக் கார்னெகி நூதனசாலையில் அப்பற்றோசோரஸ் என்னும் பெருவிலங்கின் உடல் நிறுவப்பட்டது. தலை உறுதியாகக் கிடைக்கவில்லை. உடலின் அருகே ஒரு தலை கிடைத்ததுண்டு. அதுவே உரிய தலை என அங்கே தலைவராயிருந்த வில்லியம் ஹொலண்ட் கருதினார். வேறு அறிஞர் உடன்படாமையால் அவர் அதனையும் ஏற்றவில்லை. வேறு தலையையும் ஏற்றவில்லை. பல ஆண்டுகள் அவ்விலங்கு தலையின்றியே நின்றது. 1932 இல் அவர் மறைந்தபின், வேறோர் இனத்துக்குரிய குறுகிய தலை அதன் கழுத்தில் ஏற்றப்பட்டது. 1970 களில் பழைய குறிப்புகளையும் என்புகளையும் மீண்டும் ஆராய்ந்தோர், ஹொலண்ட் கருதியதே சரியென நிலைநாட்டினர். 1979 இல் உரிய தலை ஏறியது.

பார்ப்பவர்க்கு எது அழகு? தலையுள்ள விலங்கே அழகு. எது உண்மை? தலையின்றி நின்ற விலங்கே உண்மை. அழகின் பொருட்டு ஏற்றப்பட்ட தலை நாற்பத்தைந்து ஆண்டளவு மக்களை மயக்கியது. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடுதல் அறிவுடையார் செய்யும் செயல்களுள் மிக அரியது.

இச்செயலைத் தமிழர் அறியாதவர் அல்லர். சங்க நூல்களின் ஏடுகள் செல்லரித்தும் இராமபாணம் துளைத்தும் அழிந்துகொண்டிருந்த காலத்தில், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1880 களில் தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றினார்கள். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894 இல் புறநானூற்றை வெளியிட்டார்கள். அந்நூலில் 267 ஆம், 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. பாட்டு இயற்றும் ஆற்றல் அக்காலப் புலவர்க்கு இல்லையா? இரண்டு ஆசிரியப்பாக்களை இயற்றி அவ்விடத்தை நிரப்புதல் அவர்க்கு ஒரு பொழுதின் வேலை. அவ்வாறு செய்திலர். எண் இருக்கின்றது, பாட்டு இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்த இடம் புள்ளிகளாகவே நிற்கின்றது. அப்புள்ளிகளை யாம் மாணவர்க்குக் காட்டுந்தோறும், இவை தமிழ்ப் பதிப்புலகின் நேர்மைக்கு இட்ட முத்திரைகள் எனக் கூறுவதுண்டு. பிற்காலத்தில் வேறு ஏடு கிடைத்தால் பாடபேதம் குறிக்கப்படும், பாடம் திருந்தும். அதனாற் பதிப்பாசிரியர் புகழ் குன்றுவதில்லை. தலையின்றி நின்ற அப்பற்றோசோரசும் பாட்டின்றி நிற்கும் இரண்டு எண்களும் ஒரே அறத்தின் இருவேறு வடிவங்களாகும்.

இனி நமக்கு அணித்தாகிய இந்தியாவை நோக்குவோம். கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தின் நிலநூல் நூதனசாலையில் பராபாசோரஸ் என்னும் பெருவிலங்கின் என்புக்கூடு நிற்கின்றது. அதன் என்புகள் கோதாவரிப் பள்ளத்தாக்கில், தாகூர் பிறந்த நூற்றாண்டாகிய 1961 ஐ ஒட்டிய காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. வங்க மொழியிலே 'பரா' என்பது பெரிய என்றும், 'பா' என்பது கால் என்றும் பொருள்படும். 1975 இல் அதற்குப் பெயரிட்டவர்கள் தாகூரின் பெயரையும் அதனோடு இணைத்தனர். ஏறத்தாழ 300 என்புகள் கிடைத்தன. அவை ஆறு விலங்குகளுக்கேனும் உரியன என்பர். ஆகவே ஒரு விலங்காக நிற்பது பல விலங்குகளின் என்புகளாற் கூட்டப்பட்டதே. தலையோடு கிடைக்கவில்லை, பற்களே கிடைத்தன. 2010 இல் அதன் என்புகள் அனைத்தும் மீண்டும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விவரிக்கப்பட்டன. நாளை கோதாவரிக் கரையில் அவ்வினத்தின் தலையோடு ஒன்று வெளிப்படுமாயின், கொல்கத்தாவில் நிற்கும் விலங்கின் முகம் மாறும். மாறுதலே முறை.

குசராத்தில் ராகியோலி என்னும் ஊரருகே 1982 தொடக்கம் 1984 வரை சிதறிய என்புகளை எடுத்தவர்கள், ஒவ்வோர் என்பும் எவ்விடத்தில் எத்திசை நோக்கிக் கிடந்தது என வரைபடம் எழுதி வைத்தனர். இருபது ஆண்டு சென்றபின் அவ்வரைபடமும் என்புகளும் ஒருங்கே ஆராயப்பட்டு, எவை ஒரே விலங்கினுடையவை எனத் துணியப்பட்டன. 2003 இல் இராசாசோரஸ் என்னும் புதிய விலங்கு உலகிற்கு அறிமுகமாயிற்று. என்பை எடுத்தவரின் பொறுமையான குறிப்பு, பின்வந்தவர்க்கு விளக்காயிற்று.

இதற்கு மறுதலையான கதை ஒன்றும் உண்டு. அது தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. ஆகையால் நமக்கு மிகுந்த துயர் தருவது. அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. அங்குள்ள பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் நிரம்ப உள. 1979 இல் அப்பகுதியிலிருந்து திராவிடோசோரஸ் என்னும் விலங்கு விவரிக்கப்பட்டது. முதுகிலே தகடு தாங்கிய நிலவிலங்கு அது என்றனர் பெயரிட்டோர். 1996 இல் வேறு அறிஞர் இருவர், அது நிலவிலங்கே அன்று, கடலில் நீந்திய ஊர்வனவற்றுள் ஒன்று என மறுத்தனர். பின்னரும் அவ்வாதம் தொடர்ந்தது. இத்தகைய வாதம் நன்று. வாதிப்போர் எடுத்துக்காட்டற்கு என்பு உண்டு.

1980 களில் அரியலூரை அடுத்த கல்லமேட்டில் வேறு சில பேரென்புகள் வெளிப்பட்டன. கால் என்பு ஒன்று 2 மீற்றர் நீளம் எனக் குறிக்கப்பட்டது. பேருடல் எனப் பொருள்படும்படி பிருகத்காயோசோரஸ் என்னும் பெயர் அவ்விலங்கிற்கு இடப்பட்டது. முதலில் அதனை ஊனுண்ணி என்றனர். பிறகு தழையுண்ணும் நெடுங்கழுத்து விலங்கு என்று திருத்தினர். அவ்வளவு பெரிய விலங்கு உலகில் இருந்திருக்குமோ, அவை கல்லாகிய மரத்துண்டுகளோ என ஐயுற்றாரும் உளர். இவ்வையத்தை எவ்வாறு தீர்ப்பது? என்பை எடுத்துப் பார்த்துத் தீர்க்கலாம். ஆயின் என்பு இல்லை. பாறையினின்றும் வெளிப்பட்டபோதே உறுதியற்றிருந்த அவை உதிர்ந்து அழிந்துபோயின. எஞ்சியவை சில வரைபடங்களும் விவரணங்களுமே. அகழ்ந்த காலத்து நிழற்படங்கள் சில 2022 இல் வெளிவந்தன. அவை ஐயத்தைச் சிறிது தணித்தன. எனினும் நிழற்படம் என்பாகுமோ? உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணத்தக்கது தமிழ் மண்ணில் வாழ்ந்திருக்கலாம். அதனை ஆமெனவோ அன்றெனவோ உறுதியாகக் கூறும் வாய்ப்பை உலகம் பெரும்பாலும் இழந்துவிட்டது. பிழையாகப் பொருத்திய என்பை நூறு ஆண்டு கழித்தும் திருத்தலாம். அழிந்த என்பைத் திருத்துவது எவ்வாறு?

கனடாவின் ரொறன்ரோ நகரில் நம்மூரார் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். அந்நகரத்து றோயல் ஒன்ராரியோ நூதனசாலையில் பரோசோரஸ் என்னும் நெடுங்கழுத்து விலங்கு நிற்கின்றது. அதன் என்புகள் 1962 இல் வேறொரு நூதனசாலையிலிருந்து பெறப்பட்டவை. நிறுத்த இடமின்றி நிலவறையில் வைக்கப்பட்டன. காலப்போக்கில் அவை இன்னவை என்பதும் மறக்கப்பட்டது. 2007 இல் டேவிட் எவான்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் பழைய கட்டுரை ஒன்றிற் கண்ட குறிப்பைப் பின்பற்றித் தம் நூதனசாலையின் அறைகளிலேயே அவ்வென்புகளைத் தேடிக் கண்டார். அவ்வாண்டிலேயே விலங்கு எழுந்து நின்றது. மறதி நாற்பத்தைந்து ஆண்டு. ஆயினும் என்பு பத்திரமாக இருந்தமையால் மறதிக்கு மருந்து கிடைத்தது. கல்லமேட்டுக்கு அம்மருந்து இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணுக.

இதனால் யாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, மூலத்தைக் காத்தல். கருத்து எத்தனை முறை மாறினும் மூலம் கெடலாகாது. இரண்டாவது, எது என்பு, எது சாந்து என்பதைப் பார்ப்பவர்க்கு மறையாது காட்டல். நிறத்தினாலோ குறிப்பினாலோ வேறுபடுத்தினால் விலங்கின் கம்பீரம் குறைந்துவிடாது. மூன்றாவது, திருத்தத்தின் வரலாற்றைத் திருத்திய பொருளின் அருகே வைத்தல். பழைய நிலையைக் காட்டும் ஒரு படமும், மாற்றிய ஆண்டும், மாற்றிய காரணமும் நான்கு வரியில் எழுதப்பட்டால் போதும். பல நூதனசாலைகளில் புதிய நிலை மாத்திரம் காட்டப்படுகின்றது. பழையது இருந்த சுவடே இல்லை. அதனால் பார்ப்பவன் முடிபை அறிகின்றான். முடிபு பிறந்த வழியை அறிகின்றானல்லன். வழி அறியாதவனே பின்னர், "நேற்று ஒன்று, இன்று ஒன்று" என நகையாடுகின்றான்.

"இவ்வாறு காட்டினால் சிறுவர்க்கு அறிவின்மேல் மதிப்புக் குன்றாதோ?" எனச் சிலர் வினவலாம். குன்றாது என்பதே எம் துணிபு. திருத்தம் வேறு, தடுமாற்றம் வேறு. காரணமின்றி மாறுவது தடுமாற்றம். சான்று கண்டு மாறுவது திருத்தம். அன்றியும் எல்லாம் மாறிவிடவில்லை. டைனோசர்கள் வாழ்ந்தன என்பதும், பறவைகளின் வழியிற் பிழைத்தவை ஒழிய ஏனையவை ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் அழிந்தன என்பதும் மாறவில்லை. வால் உயர்ந்ததேயன்றி விலங்கு மறைந்துவிடவில்லை. உறுதியானது எது, ஊகம் எது எனப் பிரித்தறியும் பயிற்சி பெற்ற பிள்ளை, வதந்தியையும் எளிதில் நம்ப மாட்டான். 2020 இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி தூர்வாரியபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என ஊரெங்கும் பேசினர். நிலநூலார் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவிற் சேறு இறுகித் திரண்ட கற்கள் எனத் தெளிவித்தனர். "இது முட்டை என்பதற்குச் சான்று யாது?" என முதலிலேயே வினவும் ஒரு மாணவன் ஊர்தோறும் இருத்தல் வேண்டும்.

அத்தகைய மாணவனை ஆக்குதல் பாடசாலையின் பொறுப்பு. நம் பரீட்சைகள் முடிபையே கேட்கின்றன. மாணவரும் முடிபையே மனனஞ் செய்கின்றனர். "இகுவானோடனின் கூரிய என்பு எவ்வுறுப்பிற்கு உரியது?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை எழுதலாம். "அது மூக்கிற்கு உரியதன்று என எவ்வாறு அறிந்தனர்?" என்று கேட்டால் மாணவன் சிந்தித்தல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு மதிப்பெண் அளிக்கும் நாளிலேயே நம் கல்வி உயர்வடையும். இது விஞ்ஞான ஆசிரியர்க்கு மாத்திரம் உரிய பணியன்று. வரலாறு கற்பிப்போர்க்கும் உரியது. எம்மைப் போலத் தமிழ் கற்பிப்போர்க்கும் உரியது. ஒரு பாட்டிற்கு இரண்டு பாடம் இருக்குமாயின், இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எது பொருந்தும், ஏன் பொருந்தும் என மாணவரை வினவுதல், இகுவானோடனின் பெருவிரலை ஆராய்தலின் வேறன்று.

காரைநகர்ப் பிள்ளைகட்கு இப்பயிற்சியைத் தொடங்குதற்குத் தூர தேசம் செல்ல வேண்டுவதில்லை. நம் தீவின் அடியிலுள்ளது சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் தாங்கும் அக்கல், டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டு கழிந்தபின் கடலடியிற் படிந்தது. ஆகையால் நம் கிணறுகளிற் டைனோசர் என்பு தேடுவது வீண். இலங்கையிலே அவ்விலங்குகளின் காலத்துக்குரிய படிவுகள் புத்தளப் பகுதியின் தப்போவை முதலிய இடங்களில் உள; அங்கே பழந்தாவரங்களின் சுவடுகள் கிடைத்துள்ளன. நம் கல்லிலோ கிணறு வெட்டும்போது சிப்பியும் சங்கும் பதிந்த துண்டுகள் வெளிவருவதுண்டு. அவற்றை மதிலுக்கும் வேலி ஓரத்துக்கும் போட்டுவிடுகின்றோம். அவ்வாறு போடுமுன், ஒரு துண்டை எடுத்து, எந்தக் குறிச்சியில், எத்தனை முழ ஆழத்தில், எந்த ஆண்டில் கிடைத்தது எனக் காகிதத்தில் எழுதி ஒட்டிப் பாடசாலையின் ஓர் அலுமாரியில் வைப்போமாயின், அதுவே ஒரு சிறு நூதனசாலைக்கு அடிக்கல்லாகும். அக்கல்லிலுள்ள சிப்பியின் பெயர் இன்று நமக்குத் தெரியாவிடினும் குற்றமில்லை. பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடுக. இடமும் ஆழமும் எழுதப்பட்டிருந்தாற் போதும். பெயரை அறியத்தக்கவன் பின்னர் வருவான்.

பழைய மாணவர்களுள் வசதி படைத்தோர் நம் பாடசாலைக்குக் கட்டிடமும் மேசையும் வாங்கில்களும் உதவி வருகின்றனர். அது நன்றியோடு நினையத்தக்கது. அவற்றோடு பூட்டுள்ள ஓர் அலுமாரியையும், நூறாண்டு மங்காத மையினால் எழுதப்படும் ஒரு பதிவேட்டையும் உதவுமாறு வேண்டுகின்றோம். கல்லும் வைக்கலாம், வீடுகளிற் பரணில் உக்கிப்போகும் ஏடுகளையும், பாய்க்கப்பல் ஓட்டிய நம் முன்னோரின் கணக்குப் புத்தகங்களையும் வைக்கலாம். பிறநாட்டில் வாழ்வோர் தம் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்பொழுது, பெரிய விலங்கைக் காட்டுவதோடு அமையாது, "இதில் எது என்பு, எது சாந்து?" என்றும் கேட்பாராக. குறிப்பு எழுதப்படாவிடின் காவலரிடம் வினவுமாறு பிள்ளைக்குச் சொல்லுக. வினவுவோர் பலராயின் எழுதுவோரும் எழுதுவர்.

நம் காலத்தில் யாம் நிறுத்தும் கருத்துகள் பல, பின்வருவோராற் கழற்றப்பட்டு வேறுவிதமாகப் பொருத்தப்படும். அது குறித்து நாம் வருந்த வேண்டுவதில்லை. அவர்கள் பொருத்துதற்கு வேண்டிய என்புகளை உடையாமலும் ஒளியாமலும், இது கண்டது, இது கருதியது எனக் குறித்தும் விட்டுச் செல்வோமாக. பின்வருவோர்க்கு நாம் ஆற்றும் கடன் அதுவே.